துண்டுக்குள்ள கை, தலைக்கு மேல நிலா

சென்னியப்பண்ணன் சொன்னதை அப்படியே சொல்றேனுங்க. நம்பறதும் நம்பாததும் உங்க பாடு. நான் பால் சொசைட்டியில பாலுக்குக் கருவி போட்டுப் பாக்கறவ. தண்ணி கலந்திருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவேன். ஆனா அந்தாளு வாயில வர்றதுக்குப் போட்டுப் பாக்கற கருவிய இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் பண்ணலை.

சனிக்கிழமை சாயங்காலம், நாலரை மணி இருக்கும். கருக்கம்பாளையம் சொசைட்டி வாசல்ல கேனும் பால் போசியுமாப் பத்துப் பதினஞ்சு பேரு வரிசையில நிக்கறாங்க. பாவாத்தாக்கா மட்டும் வெறுங்கையோட ஓரமா நிக்குது.

அக்காவோட மாடு ரெண்டு மாசத்துக்கு முன்னால கோமாரி நோவுல செத்துப் போயிருச்சு. அந்த வீட்டுல அடுப்பெரியறதே பால் காசுலதான். புருசன் இல்ல, காடு தோட்டம் இல்ல. வர்ற ஒண்ணாந் தேதிக்குள்ள பால் ஊத்தலைன்னா மெம்பர் கார்டு ரத்துன்னு நோட்டீசும் குடுத்தாச்சு. நான்தான் குடுத்தேன், என்ன பண்றது, சோலி அது. ஒண்ணாந் தேதிக்கு இன்னும் மூணே நாளு. அதுக்காகத்தான் அக்கா இருந்த எட்டு ஆட்டையும் வித்து, காசை மாட்டுத் தரகர் சென்னியப்பண்ணன் கையில குடுத்து, "தம்பி, கன்னோட ஒரு கறவை மாடு புடிச்சுட்டு வந்துரு சாமி"ன்னு வெள்ளிக்கிழமை சந்தைக்கு அனுப்பியிருந்துச்சு.

அண்ணன் வந்தாரு. கயித்துல ஒண்ணைப் புடிச்சுட்டுத்தான் வந்தாரு. கிட்ட வர வர வரிசையில இருந்தவங்க எட்டி எட்டிப் பாத்தாங்க.

பாவாத்தாக்கா அதை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. குனிஞ்சு அடியில பாத்துச்சு. நிமிந்து அண்ணன் மூஞ்சியப் பாத்துச்சு.

"சென்னியப்பா, இது எருது."

"ஆமாங்க்கா."

"கெழட்டு எருது. பல்லைக் காணோம்."

"அப்படியெல்லாம் அபாண்டமாச் சொல்லக் கூடாதுங்க்கா. பின்னால ரெண்டு இருக்குது."

"நான் கறவை மாடு கேட்டேன்."

அண்ணன் தோள்ல இருந்த துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு. தொடச்ச மூஞ்சியில ஒரு கலெக்டர் களை வந்துருச்சு. "அக்கா, ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திட்டுங்க. ஆறு உசுரு. நிலாவுல ஆறு உசுரு, மூச்சுக்குத் தவிச்சுட்டுக் கெடந்துச்சு. தராசுல ஒரு பக்கம் உங்க மாட்டை வைங்க. இன்னொரு பக்கம் அந்த ஆறு பேரை வைங்க. எது பெருசு?"

"நிலாவுலயா?" வரிசையில மூணாவதா நின்ன தண்டபாணி வாத்தியார் போசியக் கீழ வெச்சாரு. முப்பது வருசம் சயின்ஸ் எடுத்து ரிட்டையர் ஆனவரு. தப்பாச் சொன்னா அவருக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும்.

"நிலாவுலதான் வாத்தியாரே. எல்லாரும் பக்கத்துல வாங்க. ஈஸ்வரி அம்மிணி, நீயும் கருவிய வெச்சுட்டு வா. முதல்ல சந்தை வெவகாரம் உங்களுக்குப் புரியோணும். சந்தையில விலைய வாயில பேசறதில்லை. கைக்கு மேல துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேசறது. ஒரு விரலைப் புடிச்சா ஒரு விலை, அடுத்த விரலுக்குப் போனா விலை ஏறுது. மணிக்கட்டுல ரெண்டு தட்டு தட்டினா, 'இந்த உருப்படி வேண்டாம், அடுத்ததைக் காட்டு'ன்னு அர்த்தம். முழுக் கையையும் சேத்து ரெண்டு பேரும் இறுக்கிப் புடிச்சா முடிஞ்சுது, வாக்கு. அதுக்கு முன்னால எவன் கைய உருவறானோ அவன் மனுசனே இல்ல. அடுத்த சந்தையில அவனை நாயி கூட மோந்து பாக்காது."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?" பாவாத்தாக்கா குறுக்க உழுந்து கேட்டுச்சு.

"தெரிஞ்சு வெச்சுக்குங்க்கா. ஒரு நாளைக்கு உதவும்."

அப்புறம் அண்ணன் எருதோட முதுகுல ஒரு கைய ஊணிக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"நேத்துக் காலைல ஏழு மணிக்குச் சந்தைக்குள்ள காலை வெக்கறேன், தரையில வெள்ளையா ஒரு கோடு. என்றா இதுன்னு தொட்டு நாக்குல வெச்சா, பாலு. நல்ல காம்புப் பாலு. அந்தக் கோட்டைப் புடிச்சுட்டே போனா, கடைசியில ஒரு மாடு நிக்குது. மடி தரையில இழுபடுது. கன்னுக்குட்டி குடிச்சுக் குடிச்சு முடியாம, போதும்னு திரும்பிப் படுத்துக்கிச்சு. அக்கா, அதைப் பாத்ததுமே உங்க நெனப்புதான் வந்துச்சு, சத்தியமா. விக்கறவரு பேரு மொட்டையாண்டி. சந்தையில அவரு பேரைச் சொன்னாத் தரகருங்க எல்லாம் துண்டை மடிச்சுப் பையில வெச்சுட்டு டீக் குடிக்கப் போயிருவாங்க. கை மம்பட்டி மாதிரி இருக்கும். நான் துண்டைப் போட்டேன். கை கோத்தோம்.

"நான் ரெண்டாவது விரல்ல நிக்கறேன், அவரு நாலாவது விரல்ல நிக்கறாரு. எட்டு மணியாச்சு, பத்து மணியாச்சு. ரெண்டு பேரும் எறங்கலை. வேடிக்கை பாக்கற கூட்டம் சேந்துருச்சு. கூட்டத்துக்குப் பொரி விக்க ஒருத்தன் வந்தான். அவனுக்கு வியாபாரம் சூடு புடிச்சுப் பக்கத்துலயே கொட்டாய் போட்டான். எங்க துண்டு மேல ஒரு காக்கா வந்து கூடு கட்டிருச்சு."

"கூடா?"

"முட்டை வெச்சுப் பொரிச்சுது வாத்தியாரே. குஞ்சு றெக்கை முளைச்சுப் பறந்தும் போச்சு. அப்பவும் மொட்டையாண்டி நாலாவது விரல்லயே நிக்கறாரு."

"பத்து மணிக்குக் கூடு கட்டி மத்தியானத்துக்குள்ள முட்டை பொரிஞ்சுதா?"

"வெயிலு அப்படி. சரி, கேளுங்க. அவரு நெத்தியில ஒரு சொட்டு வேர்வை. ஆகா, எறங்கப் போறாரு, அக்காவுக்கு மாடு வந்துருச்சுன்னு நெனைக்கறேன், சட்டைப் பையில போன் அடிக்குது. இடது கையில எடுத்தா நம்பரு நீளமோ நீளம். போனுக்குள்ள அடங்காம வெளிய ஒரு சாண் தொங்குது. 'ஹலோ, மாட்டுத் தரகர் சென்னியப்பனுங்களா? நாங்க நிலா முகாம்ல இருந்து பேசறமுங்க. எங்களைக் காப்பாத்துங்க'ன்னு ஒருத்தன் அழுகறான்."

"நிலாக்காரனுக்கு உன்ற நம்பரு எப்படிடா கெடைச்சுது?"

"தண்ணி டேங்க் வாத்தியாரே! டேங்க் மேல எழுதி வெச்சிருக்கறேன்ல?"

அது மட்டும் நெசம். ஊர் மேல்நிலைத் தொட்டியோட தலையில, 'மாடு வாங்க விற்க அணுகவும்'னு ஆளு உசர எழுத்துல எழுதி வெச்சிருக்கறாரு. பஞ்சாயத்துல கூப்பிட்டு வெச்சுச் சத்தம் போட்டும் அழிக்கலை.

"நிலாவுல இருந்து பாத்தா இந்தப் பூமியில தெளிவாத் தெரியறது ரெண்டே ரெண்டுதானாம். ஒண்ணு கடலு, இன்னொண்ணு என்ற நம்பரு. அவங்க மூச்சுக்குக் காத்துப் போடற மிசினு நின்னு போச்சு. உப்பிட்டு நிக்குதாம். இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் காத்து. கீழ பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் கம்ப்யூட்டரத் தட்டிட்டு உக்காந்திருக்கான், ஒருத்தனுக்கும் புடிபடலை. நான் ஒரே கேள்விதான் கேட்டேன். 'உப்பியிருக்கறது இடது பக்கமா, வலது பக்கமா?' 'இடது பக்கமுங்க.' 'தட்டினா தொம்முன்னு சத்தம் வருதா?'"

வாத்தியாருக்குப் பொறுக்கலை. "நிலாவுல காத்தே கெடையாது. காத்தில்லாத எடத்துல சத்தம் எப்படிடா கேக்கும்?"

"அதேதான்! அவங்களுக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு." அண்ணன் காதைத் தொட்டுக் காட்டினாரு. "முப்பது வருசமா மாட்டு வயித்தத் தட்டிக் கேட்ட காது இது. உப்புசம்! ஈரக் கடலைக் கொடியத் தின்ன மாட்டுக்கு வருமே, அதே உப்புசம். 'விளக்கெண்ணெ இருக்குதா?'ன்னேன். அந்த ஆறு பேர்ல ஒருத்தன் நம்ம பக்கத்துப் பையனாம். உச்சந்தலையில வெக்கச் சொல்லி அவங்கம்மா ஒரு பாட்டில் குடுத்து உட்டிருக்குது. நல்ல மனுசி, மவராசியா இருக்கோணும். 'அதை மிசினு வாயில ஊத்து. முதல் குழாயத் திருகு. அடுத்ததுக்குப் போ. அதுக்கும் அடுத்ததுக்குப் போ. இப்ப அதை உட்டுட்டுப் பக்கத்துல ரெண்டு தட்டு தட்டு!'ன்னேன். தட்டினாங்க. மிசினு ஒரு ஏப்பம் உட்டுது பாருங்க, இங்க சந்தையில என்ற துண்டு பறந்து போகப் பாத்துச்சு."

வரிசையில ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. பாவாத்தாக்கா சிரிக்கலை. எருதையே பாத்துட்டு நின்னுச்சு.

"ஆறு பேரும் பொழச்சுக்கிட்டாங்க. அதோட முடிஞ்சிருந்தா நான் இந்நேரம் கறவை மாட்டோடதான் வந்திருப்பேன். கெரகம், அந்த ஏப்பத்துல நிலாவே நகந்து போச்சுங்க. கட்டுத்தறிய முறிச்சுட்ட மாடாட்டம் நேராச் சந்தையப் பாத்து வருது. சனங்க மாட்டை உட்டான், சைக்கிளை உட்டான், வேட்டிய உட்டான், ஓடறான். மொட்டையாண்டி அசையலை. நானும் அசையலை. எப்படி அசையறது? துண்டுக்குள்ள கை இருக்குதே! நிலா வந்து புளிய மரத்து உச்சியில ஒரசுது. புளியம்பழம் பொலபொலன்னு கொட்டுது. ரெண்டு படி பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டேன்."

"எந்தக் கையிலங்ண்ணா?"ன்னேன் நான். "ஒரு கை துண்டுக்குள்ள, ஒரு கையில போனு."

"அம்மிணி, ஊரே சாகக் கெடக்குது, நீ கைய எண்ணிட்டு இருக்கறே. நிலாவுல குழி குழியா இருக்குதல்ல? அதுல ரெண்டு குழி பக்கம் பக்கமா, மூக்கு மாதிரியே. நான் மூக்கணாங்கயித்தைப் பல்லுல கடிச்சு ஒரு வீசு வீசினேன். இந்தக் குழியில போயி அந்தக் குழியில வந்துருச்சு. 'ஹோவ்... ஹோவ்... நில்லு சாமி'ன்னு ஒரு இழு இழுத்தேன். நின்னுது. மருவாதையா வந்து நின்னுது. புளிய மரத்துலயே கட்டிப் போட்டுட்டேன்."

வாத்தியார் சிரிச்சாரு. ரொம்ப நேரம் காத்திருந்து கொக்கி போட்டுப் புடிச்சவரு சிரிப்பு அது. "சென்னியப்பா, வசமா மாட்டினே. நேத்து அமாவாசை. வானத்துல நிலாவே கெடையாது."

அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கலை. "பின்ன எப்படி இருக்கும்? அதைத்தான் நான் மரத்துல கட்டி வெச்சிருந்தனே! ஊர்ல அவனவன் அண்ணாந்து பாத்துட்டு அமாவாசை அமாவாசைங்கறான். காரணம் யாருன்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?"

வாத்தியார் கீழ வெச்ச போசிய எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டாரு.

"ஒரு வாளி தண்ணி காட்டினேன். நெத்தியத் தடவிக் குடுத்தேன். வெயில் தாழ்ந்ததும் அவுத்து, 'பாத்துப் போ'ன்னு மேக்கால திருப்பி உட்டேன். நிலாவுல இருந்து ஆறு பேரும் போன்ல அழுகறாங்க. 'அண்ணா, உங்களுக்கு நிலாவுல அஞ்சு ஏக்கரா எழுதித் தர்றோம்'னாங்க. கெணறு இல்லாத காடு எனக்கு எதுக்குடான்னு போனை வெச்சுட்டேன்."

"மாடு என்னாச்சு?"ன்னுச்சு பாவாத்தாக்கா.

அண்ணன் கொரலைத் தாழ்த்தினாரு. "அங்கதாங்க்கா மோசம் போயிட்டேன். வாய் பேசினாக் கையும் கூடப் பேசுமே. 'அடுத்ததுக்குப் போ, அதுக்கும் அடுத்ததுக்குப் போ'ன்னு நான் நிலாவுக்குச் சொல்லச் சொல்ல, துண்டுக்குள்ள என்ற கை அடுத்த விரலுக்குப் போயிருக்குது. விலை ஏறிப் போச்சு. 'பக்கத்துல ரெண்டு தட்டு தட்டு'ன்னேன் பாருங்க, மொட்டையாண்டி மணிக்கட்டுல தட்டியிருக்கறேன். அவரு அடுத்த உருப்படியக் கொண்டாந்து நிறுத்திட்டாரு, இந்த எருதை. நிலாவை இழுக்கறப்ப மூச்சைப் புடிச்சு இறுக்கினேன், ரெண்டு கையும் இறுகிருச்சு. முடிஞ்சுது. உங்க எட்டு ஆட்டுக் காசும் அதுக்குச் சரியாப் போச்சு. கைய உருவியிருந்தா உங்க காசு தப்பிச்சிருக்கும். ஆனா சென்னியப்பன் துண்டுக்குள்ள போட்ட கைய, நிலாவே வந்து விழுந்தாலும் உருவ மாட்டான்."

யாரும் சிரிக்கலை. பாவாத்தாக்கா கண்ணுல இருந்து தண்ணி கொட்டுச்சு. "எட்டுக்கும் பேரு வெச்சிருந்தேன்டா. ஒவ்வொண்ணும் என்றகூடவே படுத்துக்கும்"ன்னுச்சு. எனக்கு அந்தாளை அந்தப் பால் கேனாலயே ஒண்ணு போடலாமான்னு இருந்துச்சு.

அக்கா முந்தானையில கண்ணைத் தொடச்சுது. மூக்கை உறிஞ்சுச்சு. "சரி தம்பி. ஆறு உசுரைக் காப்பாத்தியிருக்கறே. திட்டக் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. துண்டுக்குள்ள கை போட்டா உருவ மாட்டியா?"

"தலை போனாலும் மாட்டேங்க்கா."

"யாரு கையா இருந்தாலும்?"

"எமன் கையா இருந்தாலும்."

"உன்ற துண்டைக் குடு."

அண்ணனுக்குப் புரியறதுக்குள்ள அக்கா அவரு தோள்ல இருந்த துண்டை உருவி, அவரு வலது கை மேல போட்டு, உள்ள தன்னோட கைய உட்டுருச்சு. நாப்பது வருசம் பால் கறந்த கை அது. அண்ணன் "ஆ"ன்னு ஒரு சத்தம் போட்டாரு.

துண்டு ரெண்டு தடவை அசைஞ்சுது.

"மணிக்கட்டுல தட்டிட்டேன்"ன்னுச்சு அக்கா. "இந்த உருப்படி வேண்டாம். அடுத்ததைக் காட்டு."

"அடுத்தது எதுங்க்கா? எங்கிட்ட ஒண்ணும்..."

"உன்ற கட்டுத்தறியில நிக்குதே செவலை. அதைக் காட்டு."

வரிசையே பெருமூச்சு உட்டுச்சு. செவலைய எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சம்சாரம் சாமியாத்தாக்கா அதைக் கறந்து தெனமும் எங்க சொசைட்டிக்குத்தான் கொண்டாந்து ஊத்தும். ஊர்லயே நல்ல பாலு அதுதான்.

"அக்கா, அது என்ற பொண்டாட்டி வளத்த மாடு. எங்கிட்டக் கேக்கறீங்களே!"

"உன்னைய யாரு கேட்டா? கை பேசுது. இறுக்கிட்டேன் பாரு. நீ இறுக்கினா முடிஞ்சுது. முடியாதுன்னா உருவிக்க."

அண்ணன் அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. பதினஞ்சு பேரும் அந்தத் துண்டையே பாத்துட்டு நிக்கறாங்க. நெத்தியில ஒரு சொட்டு வேர்வை. இது நெச வேர்வை, நானே பாத்தேன். அந்த நேரம் பாத்து அவரு சட்டைப் பையில போன் அடிச்சுது.

"எடு சென்னியப்பா. நிலாவா இருக்கும்"ன்னாரு வாத்தியார். அவரே பையில இருந்து எடுத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டு நீட்டினாரு.

"ஏனுங்க, எங்க போனீங்க? செவலை கத்துது. கறக்கற நேரமாச்சு, புண்ணாக்கு எங்க வெச்சீங்க?" சாமியாத்தாக்கா.

"சாமியாத்தா! காப்பாத்து!"ன்னாரு அண்ணன். நெசமாலுமே அழுகைதான்.

பாவாத்தாக்கா போன் பக்கம் குனிஞ்சுது. "சாமியாத்தா, நான் பாவாத்தா. என்ற எட்டு ஆட்டுக் காசுக்கு உன்ற ஊட்டுக்காரரு ஒரு பல்லுப் போன எருதைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறாரு. ஒண்ணாந் தேதிக்குள்ள பால் ஊத்தலைன்னா என்ற பொழப்பே போச்சு. அதுக்கு ஈடா உன்ற செவலையக் கேக்கறேன். துண்டுக்குள்ள கை இருக்குது. உனக்கு மனசில்லைன்னா இப்பவே சொல்லு, நான் உட்டர்றேன்."

போன்ல செவலை கத்தறது மட்டும் கேட்டுச்சு.

"ஏனுங்க, அக்கா சொல்றது நெசமா?"

"நிலாவுல ஆறு உசுரு சாமியாத்தா... மிசினு உப்பிக்கிட்டு..."

"நிலாவா? நேத்து ஏழு மணியில இருந்து சந்தைப் பரோட்டாக் கடைப் பெஞ்சுல கொறட்டை உட்டுத் தூங்கினீங்களாம். என்ற அண்ணன் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்க எந்திரிக்கறப்பச் சந்தையே கலைஞ்சு போச்சாம். மிச்சம் நின்னது அந்த எருது ஒண்ணுதானாம், அதைச் சொன்ன விலைக்கே வாங்குனீங்களாம்."  கொரல்லயே அந்தக்கா அழுகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. "பாவாத்தாக்கா, வந்து செவலைய ஓட்டிட்டுப் போங்க. கன்னையும் சேத்து ஓட்டிக்குங்க, இல்லைன்னாப் பால் எறக்காது. எருதை இந்த மனுசன் கூடவே அனுப்பி உடுங்க. ரெண்டும் இன்னிக்குச் சோத்துக்கு நிலாவுக்கே போவட்டும். நான் கதவைச் சாத்திட்டேன்."

போன் கட்டாயிருச்சு. துண்டுக்குள்ள ஏதோ இறுகறது தெரிஞ்சுது. அக்கா தலைய ஆட்டிட்டுக் கைய வெளிய எடுத்து, துண்டை மடிச்சு அண்ணன் தோள்லயே போட்டுச்சு.

முக்கா மணி நேரங் கழிச்சு அக்கா அஞ்சு லிட்டரோட வந்து வரிசையில நின்னுச்சு. சொசைட்டியப் பூட்டாம வெச்சிருந்தேன். கருவிய உட்டுப் பாத்தேன். சொட்டுத் தண்ணி இல்ல. அந்த நோட்டீசை வாங்கிக் கிழிச்சுப் போட்டேன்.

வெளிய வந்து பாத்தா, டேங்குக்குக் கீழ சென்னியப்பண்ணன் எருதோட நிக்கறாரு. போறதுக்கு எடமில்லை. வாத்தியார் வெறும் போசியோட அந்த வழியாப் போனாரு. அண்ணன் அவரைக் கையத் தட்டிக் கூப்பிட்டாரு.

"பாத்தீங்கல்ல வாத்தியாரே? கடைசி வரைக்கும் நான் கைய உருவலை. அக்காதான் முதல்ல எடுத்துச்சு."